பழைய ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா பொருந்தும்?

முதலில் கேள்வி. உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து போகிறார். அங்கே மனைவியின் தாய்மாமாவுக்குப் பண்ணை இருக்கிறது, துப்பாக்கி உரிமமும் இருக்கிறது. அவரிடம் ஒரு மார்ட்டினி-ஹென்றி, ஒரு .303 லீ-என்ஃபீல்டு, 1888 மாடல் ஜெர்மன் ராணுவ ரைஃபிள் ஒன்று. கூடவே ஒரு தகர டப்பா நிறையப் பழைய தோட்டாக்கள். "டப்பாவில் உள்ள தோட்டா சேம்பரில் சரியாக உட்காருகிறதாம், வா சுடலாம் என்கிறார் மாமா. சுடலாமா? புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்கச் சொல்லட்டும்?"

ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலையில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பெர்த்தில் மகள் வீட்டுப் பக்கம் பழைய ரைஃபிள் சுடுபவர்களோடு பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, சேம்பர் என்பது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை. தோட்டா அதற்குள் போகிறது, பின்னாலிருந்து அதை அடைக்கும் போல்ட் மூடுகிறது என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை. பழைய துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய பல சம்பவங்களில் தோட்டா அழகாக உள்ளே போய்த்தான் இருக்கிறது. எல்லோரும் கடைக்குப் போய் "மார்ட்டினிக்குத் தோட்டா இருக்கா?" என்று ஆரம்பிக்கிறார்கள். மாமா கையில் இருக்கும் இந்த ஒரு ரைஃபிள் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். நூறு வருஷத்தில் பேரல் மாற்றியிருப்பார்கள், சேம்பரைக் குடைந்து பெரிதாக்கியிருப்பார்கள், வேறு ரைஃபிளின் போல்ட்டை மாட்டியிருப்பார்கள். மேலே வெட்டியிருக்கும் எழுத்து, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் என்னவாக இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்.

மார்ட்டினியையே பாருங்கள். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றிக்கு .577/450 என்ற பெரிய, கழுத்து சுருங்கிய தோட்டா. 85 கிரெய்ன் கருமருந்து, அதாவது சுமார் ஐந்தரை கிராம். குண்டு 480 கிரெய்ன், 31 கிராம் ஈயம். பின்னால் .303 அங்குலத் தோட்டா வந்தபோது, அதே மார்ட்டினி உடலில் .303 பேரலைப் பொருத்தி மார்ட்டினி-என்ஃபீல்டு என்று ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர் படைக்கென்று .310 அளவில் சின்ன மார்ட்டினி ஒன்றை வரவழைத்தார்கள். அவற்றில் நிறைய பின்னாளில் முயல், நரி சுடுவதற்காக வேறு வேறு தோட்டாக்களுக்கு மாற்றப்பட்டன. ஆக, "மாமாவிடம் மார்ட்டினி இருக்கிறது" என்றால் கீழே இழுத்துத் திறக்கும் அந்த நெம்புகோலின் உருவம்தான் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. எந்தத் தோட்டா என்று தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல், போலிகள். ஆப்கான் எல்லைப்புறத்துப் பட்டறைகளில் கையால் அரத்தால் ராவி எடுத்த மார்ட்டினிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், கிரீடமும் ராணியின் முத்திரையும்கூட வெட்டியிருப்பார்கள். விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் காலமாகிவிட்டார். அவர் முத்திரைக்குக் கீழே 1906 என்று வருஷம் போட்டிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். என்ஃபீல்டு என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதும் உண்டு. அந்த இரும்பு என்ன இரும்பு, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவற்றுக்குப் பாதுகாப்பான தோட்டா என்று ஒன்று கிடையாது, சுவரில் மாட்டிவையுங்கள். நேபாளத்தில் உள்ளூரிலேயே செய்த கஹேந்திரா ரைஃபிளும் வெளித்தோற்றத்தில் மார்ட்டினி போலத்தான் இருக்கும். நேபாள அரண்மனைக் கிடங்கிலிருந்த பழைய ஆயுதக் குவியலை 2003 வாக்கில் அமெரிக்க வியாபாரிகள் வாங்கி விற்றபோது அதுவும் நிறைய வெளியே வந்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாத அளவுக்குக் கைவேலை. அதையும் சுட வேண்டாம் என்பதே விவரம் தெரிந்தவர்கள் சொல்வது, நானும் அதையே சொல்கிறேன்.

அசல் மார்ட்டினிதான், பேரலில் குழி இல்லை, சேம்பரைப் பின்னால் அடைக்கும் பிளாக் தளரவில்லை என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அளவு எடுக்க வேண்டும். சேம்பருக்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது. கொதிநீருக்கும் குறைவான சூட்டில், 70-லிருந்து 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பேரலை அடைத்துவிட்டு சேம்பரில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தால் சேம்பரின் அச்சு கையில் வரும். ஆறும்போது கொஞ்சம் சுருங்கி, பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மையான அளவு கிடைக்கும், மறுநாள் அளந்தால் கணக்கு தப்பும். பேரலின் உள்விட்டத்துக்கு வழி இன்னும் எளிது: மெத்தென்ற சுத்த ஈயக் குண்டு ஒன்றை எண்ணெய் தடவி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் மார்ட்டினியில் ஏழு, லீ-என்ஃபீல்டில் ஐந்து. ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். சாதாரணமாக அளந்தால் குறைத்துக் காட்டும். இதைப் பழகியவரிடம் விடுவது நல்லது.

சரி, மருந்து. மார்ட்டினிக்கு என் பதில் ஒரே வார்த்தை: கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்று பழங்காலத்திலிருந்து வரும் அதே மருந்து. அது எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பெரிதாகச் சார்ந்திருக்காது. அதனால் பேரலுக்குள் அழுத்தம் ஓர் எல்லைக்குள் நிற்கும். இன்றைய புகையில்லா மருந்து அப்படியில்லை. அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். அந்தச் சுழலைத் தாங்கும் எஃகு 1870-களின் பேரலில் இல்லை.

"குறைவாகப் போட்டால் புகையில்லா மருந்தும் அதே அழுத்தத்தில்தானே இருக்கும், பலர் சுடுகிறார்களே?" என்று கேட்பீர்கள். சுடுகிறார்கள்தான், கணக்கும் காட்டுவார்கள். என் ஆட்சேபம் அந்தக் கணக்கின் மேல் இல்லை. .577/450 கேஸ், அதாவது மருந்து நிரப்பும் பித்தளைக் கூடு, பெரியது. கருமருந்து போட்டால் அது நிரம்பிவிடும். இரண்டு தடவை ஊற்ற முயன்றால் மேலே கொட்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். புகையில்லா மருந்தோ அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். கைதவறி இன்னொரு அளவு விழுந்தாலும், ஏன், மூன்றாவது விழுந்தாலும்கூட, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். யாரோ ஒருவர் கராஜில் உட்கார்ந்து நிரப்பிய தோட்டாவை நம்பி, 150 வருஷ இரும்புக்குப் பக்கத்தில் உங்கள் கன்னத்தை வைக்கப் போகிறீர்கள். அந்த ஓர் இடத்தில் நான் பிடிவாதக்காரன்.

கருமருந்திலும் ஒரு விதி உண்டு: குண்டின் அடிக்கும் மருந்துக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் பேரலில் மோதிரம் போல ஒரு வீக்கம் விழும், துப்பாக்கி அதோடு சரி. முழு 85 கிரெய்ன் போட வேண்டிய அவசியமும் இல்லை. மார்ட்டினியின் குட்டை கார்பைனுக்கு ராணுவமே 70 கிரெய்ன் மருந்தும் 410 கிரெய்ன் குண்டும்தான் கொடுத்தது. குறைக்கும் இடத்தைச் சோளமாவு போன்ற ஒன்றால் நிரப்பிவிடுவார்கள். குண்டு மெத்தென்ற ஈயமாக, பேரல் அளவுக்கு வார்த்ததாக, மெழுகும் கொழுப்பும் பூசியதாக இருக்க வேண்டும். செம்புறை போட்ட குண்டு இதில் கூடாது. கொழுப்புப் பூச்சு என்றதும் 1857 சிப்பாய்க் கிளர்ச்சி ஞாபகம் வரும் உங்களுக்கு. அந்தச் சிப்பாய்களுக்குக் கொடுத்த என்ஃபீல்டு மார்ட்டினிக்கு முந்தைய தலைமுறை, வாய்வழியே நிரப்பும் துப்பாக்கி. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்ததுதான் அங்கே பிரச்சினை. மார்ட்டினித் தோட்டாவில் தேன்மெழுகு வில்லை ஒன்றை உள்ளேயே வைத்துவிட்டார்கள்.

கடையில் ரெடிமேடாக இந்தத் தோட்டா சுலபத்தில் கிடைக்காது. தனியாக நிரப்பித் தருபவர்களிடமோ, மாமா ஊர்ப் பக்கத்துக் கருமருந்து கிளப்பிலோதான் கேட்க வேண்டும். கிளப் ஆட்களிடம் போனால் இன்னொரு லாபம், முதல் குண்டை யாரும் தோளில் வைத்துச் சுட மாட்டார்கள். பழைய டயரில் ரைஃபிளைக் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றை இழுப்பார்கள். பிறகு கேஸை எடுத்து, வீங்கியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வெளியே தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இனி .303. இங்கே பெரும்பாலானவர்கள் அசந்துபோவது, இது நவீனத் துப்பாக்கிதானே என்ற நினைப்பால். 1888-ல் லீ-மெட்ஃபோர்டு வந்தபோது .303-ம் கருமருந்துத் தோட்டாதான், 70 கிரெய்ன் போட்டு இறுக்கியது. சில வருஷத்தில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், துப்பாக்கிப்பஞ்சு 37, மீதி வாஸ்லின். அதன் சூட்டில் மெட்ஃபோர்டின் ஆழமில்லாத வரிகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. அதனால் 1895-ல் ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டு. 1910-ல் மார்க் 7 தோட்டா வந்து, பழைய 215 கிரெய்ன் மழுங்கல் குண்டுக்குப் பதில் 174 கிரெய்ன் கூர்குண்டு. மாமாவிடம் இருப்பது ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் 1913-க்குப் பிறகு செய்த குட்டை லீ-என்ஃபீல்டு என்றால், நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், இன்று தொழிற்சாலையில் செய்யும் சாதாரண 174 அல்லது 180 கிரெய்ன் .303 தோட்டாவே போதும். செர்பியாவின் பிரிவி பார்ட்டிசான் இப்போதும் செய்கிறது. மாறாக 1890-களின் மெட்ஃபோர்டாகவோ முதல் லீ-என்ஃபீல்டாகவோ இருந்தால் அதில் மார்க் 7 அளவுத் தோட்டாவை வைக்காதீர்கள். ஈயக்குண்டு வைத்து அழுத்தம் குறைத்து நிரப்பியதுதான் அதற்குச் சரி.

லீ-என்ஃபீல்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் நடுவில், தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி அது. .303-க்கு 0.064 அங்குலத்தில் ஆரம்பித்து, 0.074-ஐத் தாண்டினால் சுடக் கூடாது. இதற்கென்று கேஜ்கள் உண்டு. போல்ட்டில் உள்ள எண்ணும் ரைஃபிளின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறாக இருந்தால் கேஜ் வைக்காமல் ஒரு குண்டுகூட வேண்டாம். இடைவெளி கூடினால் சுடும்போது கேஸ் பின்னோக்கி நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிய்யும். மறுபடி நிரப்பிய கேஸ்களில் இது அதிகம். வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு வருடினால், மெலிந்த இடத்தில் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அதுவும் அடையாளம்தான்.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்று. நியூ சௌத் வேல்ஸில் ராணுவத் தோட்டா அளவுகளுக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், .303 கேஸின் கழுத்தைச் சுருக்கி .303/25 என்ற தோட்டாவை உருவாக்கி, ஏராளமான லீ-என்ஃபீல்டுகளுக்கு அந்தப் பேரலைப் போட்டார்கள். உடலில் பழைய ராணுவ எழுத்து அப்படியே இருக்கும். இந்தியாவில் இஷாப்பூரில் 1960-களில் செய்த 2ஏ ரைஃபிளோ, பார்க்க .303 மாதிரியே இருந்தாலும் 7.62 தோட்டா போடுவது. அதனால்தான் சேம்பரை அளக்கச் சொல்லி இத்தனை தொணதொணக்கிறேன்.

அந்தத் தகர டப்பாவுக்கு வருவோம். சுட வேண்டாம். காரணம் ஒன்றிரண்டு அல்ல. பழைய கார்டைட் தோட்டாவைப் பிரித்தால் உள்ளே சேமியா மாதிரி நீளநீளக் குச்சிகள் இருக்கும். அது வெயிலிலும் ஈரத்திலும் எத்தனை கோடை கிடந்ததென்று யாருக்கும் தெரியாது. பிரைமர் மந்தமாகிப்போன தோட்டா, சுத்தியல் விழுந்து ஒரு கணம் கழித்து வெடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு போல்ட்டைத் திறந்தவன் கதி என்ன? எந்தத் தோட்டாவாக இருந்தாலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள்: வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். "டப்" என்று சத்தம் மட்டுப்பட்டுக் கேட்டாலும் நிறுத்திவிட்டு, தோட்டாவை எடுத்த பிறகு பேரலுக்குள் குண்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த டப்பாவில் இருப்பதெல்லாம் சாதாரணக் குண்டு என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரிட்டிஷ் .303-ல் பிரைமரைச் சுற்றிப் பூசிய வளையத்தின் நிறம் ஊதா என்றால் சாதாரணம், சிவப்பு என்றால் ஒளிவிட்டுப் பாய்வது, பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீப்பற்ற வைப்பது, மஞ்சள் என்றால் பேரலைச் சோதிக்க வேண்டுமென்றே அதிக அழுத்தத்தில் நிரப்பியது. சாயம் உதிர்ந்துவிட்டால் கேஸின் அடியில் உள்ள எழுத்துதான் துணை, ஜி என்றால் ஒளிவிடுவது, டபிள்யூ கவசம் துளைப்பது, பி தீவைப்பது. டிசம்பரில் காய்ந்து கிடக்கும் பண்ணைப் புல்லில் சிவப்போ நீலமோ ஒன்று போய் விழுந்தால் தீயணைப்பு வண்டிதான் வர வேண்டும். மாமா அந்த டப்பாவை உள்ளூர் போலீஸிடம் சொல்லி ஒப்படைத்துவிடட்டும். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்கள் என்று ஆசை காட்டுவார்கள், அது அவர் பாடு.

இவ்வளவும் தாண்டிப் பழைய ராணுவத் தோட்டா சுட்டே ஆக வேண்டும் என்றால், பிரைமரில் உள்ள குளோரேட் உப்பாக மாறிப் பேரலில் படியும், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மறுநாள் துரு. எண்ணெய் உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். கருமருந்துக்கும் வெந்நீர்தான். பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைத்து எண்ணெய்.

1888 ஜெர்மன் ரைஃபிளைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் அதன் குண்டு சுமார் 8.07 மிமீ. 1905-ல் ஜெர்மனி 8.22 மிமீ குண்டுக்கு மாறியது. இன்று 8 மிமீ மௌசர் என்று விற்கும் தோட்டா பெரும்பாலும் இந்தப் பெரிய குண்டோடு வருவது. மாற்றியமைக்காத பழைய பேரலில் அதைச் சுட்டால் பெரிய குண்டு சின்னத் துளைக்குள் இறுகும், அழுத்தம் எகிறும். அமெரிக்கத் தொழிற்சாலைகள் இந்தத் தோட்டாவை வெகு மென்மையாக நிரப்புவதற்கு இந்தப் பழைய ரைஃபிள்களே காரணம். ஐரோப்பியத் தோட்டா முழு வேகத்தில் வரும். சில ரைஃபிள்களில் எஸ் என்ற எழுத்து வெட்டியிருக்கும், மாற்றியதன் அடையாளம் அது. ஆனாலும் எழுத்தை மட்டும் நம்பாமல் பேரலை அளந்த பிறகே முடிவு. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் இதை விட்டுவிடுங்கள். சீனாவில் ஹான்யாங்கில் செய்த இதன் பிரதியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

நடைமுறையில் ஒன்று. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ரைஃபிள், ஒரு வகைத் தோட்டா மட்டும். மற்றவை பூட்டிய பெட்டியில். கண்ணாடியும் காதுமூடியும் எல்லோருக்கும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும்தான். வெளிநாட்டுக்காரர் உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் சுடலாமா, எங்கே சுடலாம் என்பது அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மாமா முன்கூட்டியே விசாரிக்கட்டும். அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்தது பழம்பொருள் என்று ஒரு கோடு உண்டு, அதைக் காட்டி "பழையதுதானே" என்று சிலர் பேசுவார்கள். அது சட்டக் கோடு, பேரல் தாங்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, திரும்பி வருவது. தேசிய சேவையில் சுடுதளத்தை விட்டு வெளியே வரும்போது கையை நீட்டி, என்னிடம் தோட்டாவோ காலிக் கேஸோ இல்லை என்று உரக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். விமானம் ஏறும் முன் அதையே உங்களுக்கு நீங்களே ஒருதடவை சொல்லிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் குறைந்தது 5 வருஷம் சிறை, 6 பிரம்படி. மார்ட்டினியின் பித்தளைக் கேஸ் பார்க்க அழகாகத்தான் இருக்கும், மேசையில் வைக்கலாம் என்று கை பரபரக்கும். காலியானதையும் மாமா வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் பை, காற்சட்டைப் பை, காலணி எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள், பளபளக்கும் எதையும் பொறுக்கி வைத்திருப்பார்கள்.

இப்போதைக்கு மாமாவிடம் ஒன்று கேளுங்கள். மூன்று ரைஃபிளிலும் பேரலின் பின்பக்கத்து முத்திரைகள், உடலின் வலப்பக்கத்து எழுத்து, லீ-என்ஃபீல்டின் போல்ட் எண், இவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேரலில் கிரீடத்தின் கீழ் ஆங்கிலத்தில் என்.பி. என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் புகையில்லா மருந்துக்குச் சோதித்ததன் முத்திரை அது. இருந்தாலும் அது சோதித்த அன்றைய நிலைதான், மெக்கானிக்கிடம் காட்டுவது காட்டுவதுதான். படங்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், போலியா அசலா என்பதையாவது பார்த்துச் சொல்கிறேன்.